டிரைவர் மட்டும்தானா பொறுப்பு?

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி அதிகாலையில் திருச்சூர் மாவட்டம் நாட்டிகையில் நடந்த கோரத்தை நமது எல்லைப் பகுதி மக்கள் எளிதில் மறந்துவிட முடியாது. தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த இடம் அது. போக்குவரத்து அடைக்கப்பட்டிருந்த பகுதியில் சிலர் படுத்து உறங்கிக்கொண்டிருந்தனர். கண்ணூர்ப் பக்கமிருந்து மரம் ஏற்றி வந்த லாரி ஒன்று தடுப்பை உடைத்துக்கொண்டு அவர்கள் மீது ஏறியது. இரண்டு குழந்தைகள் உட்பட ஐந்து பேர் மாண்டனர். அவர்கள் கோவிந்தாபுரம், செம்மணாம்பதிப் பகுதியைச் சேர்ந்த நாடோடிக் குடும்பத்தினர். எருத்தேன்பதி அடங்கிய அதே சித்தூர் தாலுகாவின் மக்கள். பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் பிணமாகத் திரும்பினார்கள்.

விசாரணையில் வெளிவந்த விவரம் துயரத்தை ஆத்திரமாக மாற்றியது. விபத்து நேர்ந்தபோது லாரியை ஓட்டியவர் டிரைவர் அல்ல. லைசென்ஸ் இல்லாத கிளீனர். டிரைவரும் கிளீனரும் குடித்திருந்தனர் என்று போலீசார் தெரிவித்தனர். இருவரும் கைதாயினர். வண்டியின் மீதும் லைசென்ஸ் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ்குமார் அறிவித்தார். பத்திரிகைகள் எழுதின, தலைவர்கள் இரங்கல் தெரிவித்தனர். பிறகு வழக்கம்போல் அடுத்த செய்தி வந்துவிட்டது.

குடித்துவிட்டு வண்டியை ஓட்டியவரையும், ஓட்டவிட்டவரையும் சட்டம் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் அத்துடன் விவகாரம் தீர்ந்துவிட்டதா என்பதே நமது கேள்வி. அந்த லாரிக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. சரக்கை ஏற்றி அனுப்பியவர் ஒருவர் உண்டு. இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கெடு வைப்பவரும் இந்தத் தொழிலில் உண்டு. ஒவ்வொரு பெரிய லாரி விபத்துக்குப் பிறகும் பேச்சு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையோடு நின்றுவிடுகிறது. அந்தக் கையில் வண்டியைக் கொடுத்தவரை எவரும் கேட்பதில்லை.

சட்டம் அப்படி நின்றுவிடவில்லை என்பதை முதலில் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, லைசென்ஸ் இல்லாத ஒருவர் தன் வண்டியை ஓட்டும்படி சொந்தக்காரர் செய்யவோ அனுமதிக்கவோ கூடாது என்கிறது. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி சாலைக்கு வரக் கூடாது என்பது 146ஆவது பிரிவு. வேலையாள் வேலையின்போது செய்யும் தவறுக்கு எஜமானர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கும் நியதி.

"கிளீனர்தானே ஓட்டினான், நான் சொல்லவில்லையே" என்று சொந்தக்காரரும், "லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான், எனவே பணம் தர மாட்டோம்" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கையை விரிப்பது பழைய கதை. இந்தக் கதைக்கு உச்ச நீதிமன்றம் 1987லேயே பதில் சொல்லிவிட்டது. ஸ்கேண்டியா இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்கில், லாரி டிரைவர் என்ஜினை நிறுத்தாமல் கிளீனரிடம் விட்டுவிட்டுத் தின்பண்டம் வாங்கப் போனார். அந்த நேரத்தில் கிளீனர் வண்டியை நகர்த்தி விபத்து நேர்ந்தது. கம்பெனி தப்ப முடியாது என்று தீர்ப்பாயிற்று. 1996இல் சோகன்லால் பாஸி வழக்கில், டிரைவர் தன் பொறுப்பிலிருந்த பஸ்ஸைக் கிளீனரிடம் ஓட்டக் கொடுத்ததற்குச் சொந்தக்காரரும் கம்பெனியும் பொறுப்பு என்று அதே நீதிமன்றம் கூறியது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் நிலைமை மேலும் தெளிவாக்கப்பட்டது. சொந்தக்காரர் அறிந்தே நிபந்தனையை மீறினார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு கம்பெனிக்கு உத்தரவிடலாம்.

சொந்தக்காரர் கைமாற்றி விற்றுவிட்டேன் என்று சொல்வதும் உண்டு. தமிழ்நாட்டில் பதிவான பழைய லாரி கேரளத்தில் ஓடுவதும், இங்கே பதிவானது அங்கே ஓடுவதும் எல்லையில் சாதாரணம். வண்டி போய்விடுகிறது, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மட்டும் மாறுவதில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரராகக் கருதப்படுவார், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெயர் மாற்றாமல் லாரியை விற்றவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

நஷ்ட ஈட்டு விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் சட்டம், தண்டனை விஷயத்தில் சொந்தக்காரரிடம் தாராளமாக நடந்துகொள்கிறது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் ரூ.20,000 அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000 என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். அதே சட்டத்தில், லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். கூடுதல் மணலுக்கு இருபதாயிரம். மனித உயிரைப் பணயம் வைப்பதற்கு ஐயாயிரம்! பாரத்தைக் கட்டுப்படுத்துவது அவசியம்தான். ஆனால் இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் திகைக்காமல் இருக்க முடியாது.

தூக்கம் மற்றொரு கொலையாளி. 2020 பிப்ரவரி 20ஆம் தேதி விடியற்காலையில், பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு வந்துகொண்டிருந்த கேரள அரசு பஸ் மீது அவிநாசி அருகே கண்டெய்னர் லாரி மோதியதில் 19 பேர் உயிரிழந்தனர். கேரளத்திலிருந்து டைல்ஸ் ஏற்றிச் சென்ற அந்த லாரி, நடுத் தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்தது. டிரைவர் கண்ணயர்ந்ததே காரணம் என்று விசாரித்த அதிகாரிகள் கூறினர். அவர் ஏன் கண்ணயர்ந்தார், அதற்கு முன் எத்தனை மணி நேரம் ஓட்டினார், யார் ஓட்டச் சொன்னார்கள் என்ற கேள்விகள் பொதுமக்கள் காதுக்கு எட்டும் அளவுக்கு எழவில்லை.

டிரைவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு நமக்குப் புதிதல்ல. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே அதைச் சொல்லிவிட்டது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றும் அது விதித்தது. 2025 நவம்பர் 21ஆம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தச் சட்டமும் அவற்றில் கலந்தது. எட்டு மணி நேரம் என்ற அளவு மாறவில்லை. ஆனால் ஐந்து தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்கே பொருந்திய பழைய சட்டத்தின் இடத்தில், புதிய தொகுப்பு பத்துத் தொழிலாளர் என்று வரம்பை உயர்த்திவிட்டது. நம் நாட்டில் லாரித் தொழிலில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள். யாருக்காகச் சட்டம் வேண்டுமோ அவர்கள் வெளியே நிற்கிறார்கள். சரக்கு வண்டி ஓட்டும் எவருக்கும் அதே நேர வரம்பு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவு கூறுவது உண்மை. ஆனால் டிரைவர் எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தார் என்பதைச் சாலையில் நிறுத்திக் கேட்ட அதிகாரி ஒருவரை நம் பகுதி டிரைவர்கள் கண்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

இங்கே ரயில்வேயின் நடைமுறையை நினைவுபடுத்துவது பொருத்தமாகும். ரயில் என்ஜின் டிரைவர் வேலைக்குக் கையெழுத்திடும்போதே மூச்சுச் சோதனைக்கு உட்பட வேண்டும். வேலை ஏற்ற நேரம், இறங்கிய நேரம், இடையில் பெற்ற ஓய்வு எல்லாம் பதிவாகின்றன. அங்கும் நேர வரம்பு மீறப்படுவதாக ஊழியர் சங்கங்கள் முறையிடுவதுண்டு. முறையிடுவதற்குக் கையில் ஒரு பதிவேடாவது இருக்கிறது. லாரி டிரைவருக்கு அதுவும் இல்லை. அவருக்குக் கூலி டிரிப் கணக்கில். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அடுத்த டிரிப், தாமதமானால் வசவு. உறங்குவதற்கு இடமில்லாமல், வண்டியை நிறுத்தினால் டீசலும் தார்ப்பாயும் திருட்டுப் போகும் என்ற பயத்தோடு, இரண்டு மாநிலத்தைக் கடப்பவர் அவர். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருப்பது வரவேற்கத்தக்கது. குளிர்ந்த அறையும் தூக்கத்துக்கு மாற்றாகாது.

2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி டிரைவர்கள் ஏன் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுபவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறியது. நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடும், ஓடினால் பத்து ஆண்டு சிறை என்று டிரைவர்கள் குமுறினார்கள். 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அடிபட்டவரைச் சாலையில் விட்டுவிட்டு ஓடுவதை நாம் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டோம். ஆயினும் தண்டனையின் முழுப் பாரத்தையும் மாதச் சம்பளம்கூட நிச்சயமில்லாத ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, லாபத்தைப் பெறுபவரை விட்டுவிடும் சட்டம் விபத்தைக் குறைக்காது என்பதே நமது கருத்து.

சாலையைப் போடுபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. நாட்டிகைத் துயரம் நடந்து பதினாறே நாளில், டிசம்பர் 12ஆம் தேதி, நமது பாலக்காடு மாவட்டத்திலேயே கரிம்பா பனயம்பாடத்தில் மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவிகள் நால்வர் மீது சிமெண்ட் லாரி கவிழ்ந்தது. எதிரே வந்த இன்னொரு லாரி மோதியதால் அது நிலை தவறியது. பாலக்காடு - கோழிக்கோடு தேசிய நெடுஞ்சாலையின் அந்த வளைவு ஆபத்தானது, மழை பெய்தால் வழுக்குகிறது என்று ஊர் மக்கள் முன்பே பலமுறை கூறியிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு அமைச்சரே வந்து அந்த இடத்தில் வண்டி ஓட்டிப் பார்த்து, சாலை அமைப்பில் குறை உள்ளதென்று சொன்னார். நான்கு குழந்தைகள் போன பிறகு தெரிந்த குறை அது.

சாலையின் அமைப்பும் பராமரிப்பும் விதிக்கப்பட்ட தரத்தில் இல்லாமல் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் ஆகியோருக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அபராதத் தொகை சிறியது. அது நிலைநாட்டும் தத்துவம் பெரியது. இந்தப் பிரிவைத் தூசி தட்டி எடுக்கும் துணிவு போலீசாருக்கு வர வேண்டும்.

நமது பகுதியின் நிலைமைக்கு வருவோம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவும், கோவைப் பக்கமிருந்து வேலந்தாவளம் வழியாகவும், ஆனைமலைப் பக்கமிருந்து கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் வழியாகவும் கேரளத்துக்குள் லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. காய்கறி, தேங்காய், வைக்கோல், ஜல்லி, எம்-சாண்ட் என்று இந்த மாநிலம் உண்பதிலும் கட்டுவதிலும் பெரும்பகுதி இந்த வழிகளில்தான் வருகிறது. எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி வட்டாரத்தின் பல சாலைகள் மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் ஏற்ற அகலமே உள்ளவை. அவற்றில் டிப்பர் லாரிகள் பறக்கின்றன. டிப்பருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதபடி கருவி பொருத்த வேண்டும் என்பது விதி. கருவியின் ஒயரைக் கழற்றிவிட்டால் விதியும் கழன்றுவிடுகிறது. வைக்கோல் லாரி பின்னால் சிவப்பு விளக்கே தெரியாதபடி பாரத்தை அகட்டி ஏற்றிக்கொண்டு இரவில் ஊர்கிறது. பழுதான லாரி சாலையோரத்தில் எச்சரிக்கைப் பலகையின்றி இருட்டில் நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் வருபவர் அதன் பின்னால் மோதி மடிகிறார்.

இவற்றைத் தடுக்கவே எல்லையில் மோட்டார் வாகனச் செக்போஸ்ட்டுகள் அமைக்கப்பட்டன. அவற்றின் லட்சணம் என்ன என்பதை 2025 ஜனவரியில் கேரள லஞ்ச ஒழிப்புத் துறை பாலக்காடு மாவட்ட எல்லைச் செக்போஸ்ட்டுகளில் நடத்திய திடீர்ச் சோதனை காட்டிவிட்டது. கணக்கில் வராத பணம் பிடிபட்டது. லஞ்சம் என்பது அரசுக்கு வர வேண்டிய பணம் தனியார் பைக்குப் போவது மட்டும் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். பிரேக் தேய்ந்த லாரியும், பாரம் மிகுந்த லாரியும் ஒரு நோட்டின் பலத்தில் ஊருக்குள் நுழைவதுதான் அதன் பொருள். அந்த நோட்டின் விலையை வழியில் நடந்து போகும் பிள்ளை கொடுக்கிறது.

இனி, பாதிக்கப்படும் குடும்பங்கள் அறிய வேண்டியவை சில உண்டு. நாடெங்கும் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. இவர்களில் ஏழைகளின் குடும்பங்களுக்கு உரிமை இருந்தும் பணம் கைக்கு வராததற்குப் பெரும் காரணம் அறியாமையே.

முதலாவது, மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு டிரிப்யூனலில் மனுச் செய்ய விபத்து நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துக்குரிய டிரிப்யூனலிலும் 166ஆவது பிரிவின்படி மனுக் கொடுக்கலாம். விபத்து திருச்சூரில் நடந்தாலும் கோவையில் நடந்தாலும், சித்தூர் தாலுகாக் குடும்பம் பாலக்காட்டிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

இரண்டாவது, காலக் கெடு. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அந்த விதி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகி, அதைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறந்தது. அதை நம்பிக் காலம் கடத்துவது விவேகமல்ல. விபத்து அறிக்கையை டிரிப்யூனலுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்புவது போலீசாரின் கடமை. அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அனுப்பினீர்களா என்று ஸ்டேஷனில் கேட்க மக்கள் தயங்கக் கூடாது.

மூன்றாவது, தொகை. யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும், பலத்த காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் 164ஆவது பிரிவின்படி கேட்கலாம். இறந்தவரின் வயது, வருமானம், நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்டு அதைவிடக் கூடுதலாகப் பெறவும் வழி உண்டு. எது லாபம் என்பதை வக்கீலிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சாவு வீட்டுக்கே வந்து "இவ்வளவு வாங்கிக்கொள்ளுங்கள், கேஸ் வேண்டாம்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நான்காவது, மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி அடைபடவில்லை. உயிரிழப்புக்கு ரூ.2 லட்சமும், பலத்த காயத்துக்கு ரூ.50,000மும் கிடைக்கும். இந்தத் திட்டத்தைப் பற்றி மக்களுக்கே தெரியவில்லை என்று கவலைப்பட்டு, பாதிக்கப்பட்டவருக்குப் போலீசாரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலைப் பாதுகாப்புக்காக அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் நமது அண்டை நகரமான கோவையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ரூ.1.5 லட்சம் அளவுக்கு, பணம் கட்டாமல் சிகிச்சை அளிக்கும் திட்டத்தையும் மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்திருக்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பவர்களுக்குச் சித்தூரில் தாலுகாச் சட்டப் பணிக் குழு உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி அளிக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டம். நமக்குள்ள தனிச் சங்கடம் மொழி. போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் கொடுக்கப்படும் தாள்கள் மலையாளத்தில் இருக்கின்றன. எல்லைக் கிராமத்துப் பெரியவர்கள் பலருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் ஒன்றே. கேரளத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே வழங்கியது. விபத்து நஷ்ட ஈடு பற்றிய விவரங்களைத் தமிழில் அச்சிட்டுச் சித்தூர் தாலுகாவின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் வைப்பதற்குப் பெரும் செலவு ஆகிவிடாது.

அரசுகளுக்கு நமது வேண்டுகோள் இவை: உயிர்ச் சேதம் நேர்ந்த ஒவ்வொரு லாரி வழக்கிலும் சொந்தக்காரரின் பங்கைத் தனியே விசாரித்துக் குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டும். டிரைவரின் வேலை நேரத்துக்குப் பதிவேடு கட்டாயமாக்கி, ஒற்றை லாரி வைத்திருப்பவரையும் அதில் சேர்க்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியை விடும் சொந்தக்காரருக்குரிய தண்டனையை உயர்த்த வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் அதை ஏலம் விட்டுத் தொகையை டிரிப்யூனலில் கட்ட வழிசெய்யும் விதியை வகுக்குமாறு 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. அது ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடக் கூடாது. தமிழக, கேரளப் போக்குவரத்து அதிகாரிகள் எல்லைச் சாலைகளில் கூட்டாகச் சோதனை நடத்த வேண்டும். விபத்துக்கு மாநில எல்லை தெரியாது. தப்புகிறவருக்கு மட்டும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

லாரித் தொழிலை நாம் பகைக்கவில்லை. லாரி நின்றால் பொள்ளாச்சிச் சந்தையும் நிற்கும், பாலக்காட்டு அடுப்பும் அணையும். நாணயமாகத் தொழில் நடத்தும் சொந்தக்காரர்களும், ஆயுள் முழுதும் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டிய டிரைவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. குறுக்கு வழியில் ஓடும் லாரி குறைந்த வாடகைக்கு ஓடி முதலில் கெடுப்பது இவர்களுடைய பிழைப்பைத்தான். ஆகவே சொந்தக்காரர் சங்கங்களே முன்வந்து, குடித்தவருக்கும் லைசென்ஸ் இல்லாதவருக்கும் வண்டி இல்லை என்று கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். வாடகையை எண்ணி வாங்கும் கைக்கு, வண்டியை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்கும் பொறுப்பும் உண்டு. அதைத் தானாக உணராதவர்களுக்கு உணர்த்தும் கடமை அரசுக்கும் போலீசாருக்கும் உரியது.